கொல்லையில் குழந்தைக்கு ஒரு பாத்தி: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை மாதத்தில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் பஸ்ஸில் போனால் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. ஆனால் அந்தப் பச்சையில் காய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் நெல். காய் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் லாரி ஏறி வருகிறது. எங்கள் ஊர்க் கடையில் இறங்கும்போது உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான் முகம் வாடாமல் இருக்கும். ஊருக்கே சோறு போடும் மண்ணில் பிறந்த குழந்தையின் தட்டில் சோறு குவியலாகவும் காய் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் கிடக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது.

என் பேத்திக்குப் பாத்தி போட்டுக் கொடுத்த முதல் முறை நான் தோற்றேன். ஐப்பசியில், ஆர்வக் கோளாறில், பன்னிரண்டு வகை விதையை ஒரே நாளில் ஊன்றினோம். ஒன்பதாம் நாள் பெய்த மழையில் பாத்தி குட்டையாகிவிட்டது. மிதந்த நாற்றைப் பார்த்துவிட்டு அவள் ஒரு மாதம் கொல்லைப் பக்கமே வரவில்லை. கீழே உள்ள படிகள் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் கற்றவை.

படி 1: விதைக்கு முன் நாட்காட்டி

படுகையில் குழந்தைத் தோட்டத்துக்கு இரண்டு பருவங்கள்தான் பொருந்தும். ஒன்று ஆடிப் பட்டம். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்கள். பள்ளியும் அதையொட்டித் திறந்துவிடும். ஜூன் கடைசியில் பாத்தி தயாராகி, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் விதை விழுந்தால், வடகிழக்கு மழை அக்டோபரில் பிடிப்பதற்குள் கீரையும் வெண்டையும் தின்று முடித்துவிடலாம். விதைப்புக்கு நாங்கள் ஆடிப் பதினெட்டை வைத்துக்கொண்டோம். காலையில் ஆற்றுக்குப் போய்ச் சித்ரான்னம் சாப்பிட்டுத் திரும்பி, மாலையில் விதை. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் படம் போட்டுக் காட்ட அதைவிடத் தோதான நாள் கிடையாது.

மற்றொன்று தைப் பட்டம். பொங்கல் முடிந்ததும் விதைத்தால் ஏப்ரல் வரை பறிக்கலாம். தண்ணீர் மட்டும் நாம் ஊற்ற வேண்டும். என் கணக்கில் இதுதான் தோல்வி குறைந்த பருவம். முதல் முறை செய்பவர்கள் தையில் தொடங்குவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் தரையில் எதுவும் புதிதாகப் போட வேண்டாம். ஈரத்தை விரும்பும் பொன்னாங்கண்ணியையும் வல்லாரையையும் தொட்டியில் வைத்துத் திண்ணையோரம் ஏற்றிவிடுங்கள், போதும்.

படி 2: இடமும் மண்ணும்

நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். நிழல் ஒரு காரணம். தலையில் விழும் மட்டையும் தேங்காயும் பெரிய காரணம். அடுத்த வயலில் மருந்து அடிப்பார்கள் என்றால் அந்த வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள்.

பாத்தி சிறியதாக இருக்கட்டும். நீளம் 4 அடி, அகலம் இரண்டரை அடி. குழந்தையின் கை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவரை எட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மிதித்து மண்ணை இறுக்கிவிடும். தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்த்திய மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள். படுகை தட்டையான நிலம். தண்ணீர் ஓடாது, நிற்கும்.

மண் எப்படிப்பட்டது என்பதைக் குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு பிடி ஈர மண்ணை உருட்டிக் கயிறு போலத் திரித்து வளையலாக வளைக்க வேண்டும். வெடிக்காமல் வளையல் வந்தால் களிமண். விரிசல் விட்டால் நடுத்தரம். உருட்டவே வராவிட்டால் மணல். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் வளையல் அழகாக வரும். அங்கே கொல்லை மண் 2 பங்குக்கு மக்கிய எரு 1 பங்கு, மணல் 1 பங்கு கலக்கலாம். பட்டுக்கோட்டைச் செம்மண்ணுக்கும் வேதாரண்யத்து மணலுக்கும் மணல் தேவையில்லை, எருவைக் கூட்டுங்கள். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தரையை விட்டுவிட்டுச் சாக்குப் பையிலும் தொட்டியிலும் வளர்த்து, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள்.

பச்சைச் சாணியைப் பாத்தியில் போடாதீர்கள். வேரைச் சுடும், கிருமியும் கீரையில் ஏறும். எரு கறுப்பாக, உதிரியாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும்.

ஆடும் கோழியும் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாகப்பட்டினத்து உறவினர் கொடுத்த பழைய மீன்வலை எங்களுக்கு வேலியாயிற்று.

படி 3: பாத்தி தயாராகும் வரை அடுப்படியில் முளை

குழந்தையின் பொறுமை ஒரு வாரம்தான். அதனால் முதல் அறுவடை ஒரு வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். பச்சைப்பயறை இரவு ஊற வைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். மறுநாளே வால் விடும். வெந்தயத்தை ஒரு தட்டில் ஈர மண்ணின் மேல் நெருக்கமாகத் தூவினால் 8, 10 நாளில் விரல் நீளத்துக்கு வந்துவிடும்; கத்தரிக்கோலால் வெட்டிப் பருப்பில் போடலாம். அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்த குழந்தைக்கு இது புதிய சங்கதியே இல்லை. ஒரு எச்சரிக்கை: சின்னக் குழந்தைகளுக்கு முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தர வேண்டாம், ஆவியில் வேக வையுங்கள்.

படி 4: எதைப் போடுவது

நான்கே நான்கு. ஒன்று வேகமாக வருவது, ஒன்று விதை பெரியதாக இருப்பது, ஒன்று கொடி, நான்காவது குழந்தை தானே தேர்ந்தெடுப்பது. நான்காவதில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. என் பேத்தி முதலில் கேட்டது கேந்திப் பூ. சாப்பிட முடியாது என்றேன். “சாமிக்குப் போடலாமே அப்பாயி” என்றாள். போட்டோம், பூவுக்காகத் தினமும் கொல்லைக்கு வந்தாள், வந்த இடத்தில் கீரைக்கும் தண்ணீர் விழுந்தது.

வேகத்துக்கு முளைக்கீரையும் சிறுகீரையும். 20 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்தால்தான் குழந்தையின் கையிலிருந்து சீராக விழும். மேலே மண்ணை மூட வேண்டாம், கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும். எறும்பு இழுத்துப் போகும். பாத்தியின் விளிம்பில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

பெரிய விதைக்கு வெண்டையும் கொத்தவரையும். வெண்டை விதையை இரவு ஊற வைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு, விரல் நகம் மறையும் ஆழத்தில் ஊன்றச் சொல்லுங்கள். சுமார் 45 நாளில் காய்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். இந்தக் கெடுதான் வெண்டையின் சிறப்பு. குழந்தையை அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

கொடிக்கு அவரை, புடலை, சுரை. பந்தலைக் குழந்தையின் உயரத்துக்குப் போடுங்கள். நமக்குக் குனிய வேண்டிவரும், பரவாயில்லை. தலைக்கு மேலே தொங்கும் புடலங்காயில் கல் கட்டி நீட்டும் வேலைக்கு எங்கள் தெருவில் போட்டியே நடந்தது.

இவற்றோடு வேலியோரம் ஒரு முருங்கைப் போத்தும் ஒரு பப்பாளியும், இரண்டும் தண்ணீர் தேங்காத மேட்டில். அகத்தியும் நன்றாக வரும். கும்பகோணம், திருவையாற்றுப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடிக்குத் துணையாக நிற்பது அதுதான்.

கேரட்டும் காலிஃபிளவரும் வேண்டாம். இந்த வெயிலுக்கும் களிமண்ணுக்கும் அவை நம்மை ஏமாற்றும். விதை பாக்கெட்டின் மேலுள்ள படத்தை நம்பிய குழந்தையையும் சேர்த்து ஏமாற்றும்.

படி 5: யாருக்கு என்ன வேலை

மூன்று முதல் ஐந்து வயது வரை: பெரிய விதை ஊன்றுவது, சொம்பால் தண்ணீர் ஊற்றுவது, மண்புழு எண்ணுவது. ஆறு முதல் ஒன்பது வரை: களை பிடுங்குவது, செடியை அளந்து நோட்டில் குறிப்பது, பறிப்பது. பத்துக்கு மேல் எருக்குழியையும் விதைச் செலவுக் கணக்கையும் அடுப்படியில் கத்தியையும் நம்பி ஒப்படைக்கலாம்.

நோட்டுக்கு ஒரு பக்கத்தில் நான்கே கட்டம்: என்ன விதைத்தேன், என்று முளைத்தது, என்று பறித்தேன், எப்படிச் சாப்பிட்டேன். நான்காவது கட்டத்தில் “பிடிக்கவில்லை” என்று எழுதவும் அனுமதி உண்டு.

குழந்தை ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் இரவில் போய் நாமே ஊற்றிவிடத் தோன்றும். ஒரு நாள் பொறுங்கள். வாடிய கீரை அடுத்த நாள் தண்ணீரில் நிமிர்வதை அது தன் கண்ணால் பார்க்கட்டும்.

படி 6: ஆபத்துகள்

இதை மட்டும் பெரியவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

காலியான பூச்சிமருந்து டப்பாவையோ பாட்டிலையோ தண்ணீர் ஊற்றக் கொடுக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் கூடாது. மருந்து அடித்த வயல் வரப்பில் தானாக வளர்ந்த பொன்னாங்கண்ணியைக் கிள்ளி வருவதும் கூடாது. நம் ஊரில் இரண்டும் சர்வ சாதாரணமாக நடக்கின்றன.

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி கொத்தாக ஒட்டியிருக்கும். பட்டால் உடம்பு தடித்து அரிக்கும். பெரியவர்கள் அகற்றும் வரை குழந்தையை மரத்தடிக்கு விடாதீர்கள். அவரையில் அசுவினி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும். தெளிப்பது பெரியவர் வேலை.

செருப்பில்லாமல் பாத்தியில் இறங்க வேண்டாம். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறி, கீரை கொடுக்கும் இரும்பையெல்லாம் இரத்தத்தோடு குடித்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், நகம் வெட்டல். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வைக்கோல் போரடியில் கை விடக் கூடாது, பொழுது சாய்ந்தபின் கொல்லை கிடையாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போட்டுக் கொண்டிராமல் 108ஐ அழையுங்கள். கிணற்றடியிலும் குளத்தங்கரையிலும் சின்னது தனியாகத் தண்ணீர் மொள்ளப் போகக் கூடாது.

மணத்தக்காளி நன்றாகக் கறுத்துப் பழுத்த பிறகுதான் வாய்க்குப் போக வேண்டும். பெரியவரைக் கேட்காமல் எந்தக் காயையும் கடிக்கக் கூடாது என்பதைச் சட்டமாகவே வையுங்கள். வேலியில் குன்றிமணியும் ஊமத்தையும் இருக்கின்றன.

படி 7: பறித்ததை அன்றே அடுப்புக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழந்தை ஆசையாகப் பறித்து வந்த ஆறு வெண்டைக்காயை, “இது எந்த மூலைக்கு?” என்று ஃப்ரிட்ஜில் போட்டு மறந்துவிடுகிறோம். ஆறு வெண்டைக்காய் போதும். நான்காக நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, ஆளுக்கு இரண்டு துண்டு, “இது பாப்பா பறித்தது” என்று சொல்லிப் பரிமாறுங்கள். அடுத்த முறை அது பறிக்கும் முன் எண்ணும்.

கீரை ஆய்வதைச் சிறு குழந்தையிடம் விடலாம். புழு அரித்த இலையை எடுத்துப் போடும்போது அதற்கு வரும் கண்டிப்பைப் பார்க்க வேண்டும்! கழுவுவது மூன்று தண்ணீர். ஆய்ந்து கழுவிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். கொஞ்சம் தண்ணீர் விட்டு வேக வைத்து, அந்த நீரை வடிக்காமல் மத்தால் கடைந்துவிடுங்கள். மத்து பிடிக்கும் உரிமை குழந்தைக்கு.

சத்துப் பாடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், தனி வகுப்பு வேண்டாம். கீரையின் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் ஒட்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும், சூட்டில் அதன் சத்து அழியும். முருங்கைக்கீரை, பரங்கி, பப்பாளி இவற்றில் கண்ணுக்கான சத்து இருக்கிறது. அது எண்ணெயில் கரைந்துதான் உள்ளே போகும், அதனால் சமைக்கும் கீரைக்குத் தாளிதம் வேண்டும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்பு உள்ளே போகாமல் தடைபடும். கும்பகோணம் டிகிரி காபிக்கு நானும் அடிமைதான். ஆனால் ஏழு வயதுப் பையனுக்கு டபராவில் ஆற்றிக் கொடுப்பதை எந்தப் பெருமையில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 2 முதல் 5 வயது வரை 250 கிராம், 6 முதல் 9 வரை 350 கிராம், அதற்கு மேல் 400 கிராம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. இவ்வளவும் பாத்தியிலிருந்து வராது. பாதி தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ என்று பழக்கிவிட்டால் போதும். நம் பக்கத்தில் கடினமானது அந்தக் கால் தட்டுச் சோறுதான். மாமியார் முதல் மாப்பிள்ளை வரை எல்லோருக்கும் மனம் வலிக்கும். முதல் மாதம் சோற்றைக் குறைக்காதீர்கள். காயை முதலில் பரிமாறி, ஐந்து நிமிடம் கழித்துச் சோறு போடுங்கள். பசி தானே வேலை செய்யும்.

வெறும் பொரியலாக வைத்தே ஓட்ட முடியாது. கொத்தவரங்காயா, பருப்பு உசிலி. முருங்கைக்கீரையா, அடை. பாகற்காயா, பிட்லை, அதுவும் எட்டு வயதுக்கு மேல். மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு ஏழு காய் போட்டுத் தாளகம் வைக்கும் வீடாக இருந்தால், அந்த ஏழில் எத்தனை நம் கொல்லையிலிருந்து என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். சென்ற முறை எங்களுக்கு இரண்டு, அவரையும் பரங்கியும். அதையே அவள் பள்ளி முழுக்கச் சொல்லி வந்தாள்.

நான்கு வயதுக்குக் கீழே பச்சைக் காயை வட்டத் துண்டாகத் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

படி 8: தட்டின் முன் நம் வாய்

“உடம்புக்கு நல்லது, சாப்பிடு” என்பது பெரும்பாலும் எதிர்விளைவைத் தருகிறது. நல்லது என்றால் ருசி இருக்காது என்று குழந்தை முடிவு கட்டிவிடும். “கீரையை முடித்தால் சாக்லேட்” என்பது இன்னும் மோசம். சாக்லேட் பரிசு என்றால் கீரை தண்டனை ஆகிறது.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது நம் பொறுப்பு. அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. ஊட்டுவதை நிறுத்துங்கள். புதிய காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை அது தட்டில் வந்து போக வேண்டியிருக்கலாம். நாம் மூன்றாம் முறையே “இவனுக்கு இது பிடிக்காது” என்று ஊருக்கு அறிவித்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துண்டு வையுங்கள். மீதி வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். தாத்தா தட்டிலிருந்து கத்தரிக்காயை ஒதுக்கிக்கொண்டு பேரனுக்கு உபதேசம் செய்தால் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் அந்தப் போரை நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

குழந்தை வெளுத்தோ சோர்ந்தோ தெரிந்தால் தோட்டத்தை நம்பி இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்று அல்ல.

படி 9: பள்ளிக்கு எடுத்துப் போவது

1982 ஜூலை 1 முதல் சத்துணவு நடக்கிறது; முட்டையும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. தொடங்கி வைத்த இடம் நம் திருக்குவளை. ஆகவே பள்ளியில் அடுப்பு எரிகிறது, சாம்பார் கொதிக்கிறது. இல்லாதது பறித்துப் போடக் கைப்பிடி கீரை. பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைக்க மத்தியக் கல்வித் துறை 2019இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம். பெரிய திட்டமாகப் போடாதீர்கள். தட்டுக் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நான்கு வாழை, சற்று மேட்டில் இரண்டு முருங்கையும் ஒரு பப்பாளியும். மே மாத விடுமுறையில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வேர் பிடித்த மரம் பிழைத்துக்கொள்ளும்.

தையில் வசதிப்பட்டால் பிள்ளைகளை வயலுக்கும் கூட்டிப் போங்கள். சம்பா அறுவடைக்கு 7, 10 நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். பங்குனியில் போனால் பச்சைப் பயற்றங்காயைப் பறித்து உரித்துத் தின்னலாம். பருப்பு கடைப் பொட்டலத்தில் விளைவதில்லை என்று அன்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர்.

படி 10: விதை

ஒவ்வொரு செடியிலும் நல்ல ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள். அதில் ஒரு நூல் கட்டிக் குறி வைப்பது குழந்தை. அவரை கொடியிலேயே நெற்றாகி உலரட்டும். சுரைக்காய் குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். வெண்டை நெற்று வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள். வீரிய ஒட்டு விதையில் இது சரிவராது, அடுத்த தலைமுறை தாய்ச் செடி போல இருக்காது. எனவே தொடக்கத்திலேயே நாட்டு விதை வாங்கிவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு: விவசாயி 2 கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதை நான் பேத்தியிடம் கதையாகச் சொல்லப்போய், அவள் எதிர்வீட்டுப் பையனுக்குப் பத்து அவரை விதை கொடுத்திருக்கிறாள். இருபது வர வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறாள்.